ஆணுறை அணிந்திருந்தேன், இப்போது எரிகிறது. என்ன செய்வது?

கேள்வி: வயது 27, திருமணமாகவில்லை. 12 நாட்களுக்கு முன் அதிகம் பழக்கமில்லாத ஒரு பெண்ணுடன் உறவு கொண்டேன். ஆணுறை போட்டிருந்தேன், கிழியவில்லை. வாய்வழி உறவின்போது மட்டும் போடவில்லை. நான்கு நாட்களாகச் சிறுநீர் போகும்போது எரிகிறது. எச்.ஐ.வி. பயத்தில் தூக்கமே இல்லை. ஒரு மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தால் போதுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் பயம் முழுக்க எச்.ஐ.வி. மேல் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், வர வாய்ப்பு மிகமிகக் குறைவான நோய் அதுதான். தொடக்கம் முதல் கடைசி வரை ஆணுறை கிழியாமல், நழுவாமல் இருந்தால் அது நல்ல காவல். எச்சில் வழியாகவும் எச்.ஐ.வி. பரவுவதில்லை.

நான் கவலைப்படுவது அந்த எரிச்சலைப் பற்றி. கொனோரியா, அதாவது வெட்டை நோய்க் கிருமி, ஒருவரின் தொண்டையில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். ஆணுறை இல்லாத வாய்வழி உறவில் அங்கிருந்து ஆணுக்குத் தொற்றும். பெரும்பாலும் இரண்டு முதல் ஏழு நாட்களுக்குள் எரிச்சல் தொடங்கும், சிலருக்குச் சீழும் வடியும். கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்றும் இப்படி எரிச்சல் தரலாம். சாதாரண சிறுநீர்த் தொற்றாகவோ, பயத்தில் டெட்டால் ஊற்றிக் கழுவியதால் வந்த புண்ணாகவோகூட இருக்கலாம். எது என்று பரிசோதனைதான் சொல்லும். அதற்கு ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது, நாளைக்கே போங்கள். மாதிரி கொடுப்பதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காதீர்கள். வழக்கமான டெஸ்டுக்கு நடுவில் வரும் சிறுநீரைப் பிடிப்போம். இதற்கு முதலில் வருவதைத்தான் பிடிக்க வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். முன்பு பலன் தந்த சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகளுக்கெல்லாம் வெட்டைக் கிருமி இப்போது அடங்குவதில்லை. எரிச்சல் சற்றுத் தணிந்தாலும் கிருமி உள்ளேயே இருக்கும்.

இன்னொன்று சிஃபிலிஸ், அதாவது கிரந்தி நோய். ஆணுறை தான் மூடும் தோலை மட்டுமே இதிலிருந்து காக்கும். அடிப்பகுதியும் விதைப்பையும் வெளியேதான் இருக்கின்றன. உங்களுக்கு வாய்வழி உறவும் சேர்கிறது. தொற்றிய 10 முதல் 90 நாட்களுக்குள் கிரந்திப் புண் வரும். தொட்டால் கெட்டியாக இருக்கும், வலிக்காது. வலியில்லை என்பதால் கவனிக்காமல் விடுவார்கள். சில வாரங்களில் புண் தானாக ஆறிவிடும், நோய் உடலில் தங்கிவிடும். நல்ல வெளிச்சத்தில் முடி மறைக்கும் இடம் வரை பாருங்கள். சிஃபிலிஸைக் கண்டறியும் வி.டி.ஆர்.எல். ரத்த டெஸ்டை இப்போது ஒருமுறை எடுத்துவிட்டு, ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் திரும்ப எடுங்கள். பென்சிலின் ஊசியில் குணமாகும் நோய் இது. ஹெர்பிஸும் பாலுறுப்பு மருவும் தோலோடு தோல் உரசினாலே வரும். வலிக்கும் கொப்புளமோ மருவோ தெரிந்தால் காட்டுங்கள்.

மன நிம்மதிக்கு எச்.ஐ.வி. டெஸ்டும் எடுக்கலாம். ஆய்வகத்தின் நான்காம் தலைமுறை டெஸ்ட் என்றால் 45 நாள், உடனே முடிவு சொல்லும் ரேபிட் டெஸ்ட் என்றால் 90 நாள் கழித்துச் செய்தால் முடிவை நம்பலாம். உங்களுக்குத் தேவைப்படவில்லை, ஆனால் ஆணுறை கிழிந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் 28 நாள் தடுப்பு மாத்திரை உண்டு.

அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்க்குச் சுகவாழ்வு மையமும், எச்.ஐ.வி.க்கு நம்பிக்கை மையமும் இருக்கின்றன. இரண்டும் இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. முடிவை வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. போகத் தயக்கமென்றால் முதலில் எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்கு அழையுங்கள்.

முடிவு வரும்வரை உறவு வேண்டாம். தொற்று உறுதியானால் அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிடுங்கள். பெண்களுக்கு வெட்டை நோயும் கிளமிடியாவும் வெளியே தெரியாமலே கருக்குழாயைப் பாதித்து, பின்னாளில் குழந்தைப்பேற்றையே கெடுக்கலாம். எப்படிச் சொல்வதென்று தெரியாவிட்டால், மையத்தின் ஆலோசகரிடம் கேளுங்கள், உதவுவார்.