டொரான்டோ, சென்னை, மதுரை: யார் சொல்வதை நம்பி பழைய ஹைப்ரிட் லெக்ஸஸ் வாங்குவது?

கேள்வி: மதுரையில் வசிக்கிறேன். 2019-ல் பதிவான லெக்ஸஸ் என்எக்ஸ் 300எச் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள ஹைப்ரிட் எஸ்யூவி) ஒன்று சென்னையில் விலைக்கு வந்திருக்கிறது. இரண்டாவது ஓனர், 58,000 கி.மீ. ஓடியிருக்கிறது. டொரான்டோவில் இருக்கும் அத்தை மகன், "நான் வைத்திருந்த ஹைப்ரிட் எஸ்யூவியில் பின் மோட்டாருக்குப் போகும் கேபிள் துருப்பிடித்துவிட்டது, வாங்காதே" என்கிறார். சென்னை நண்பர் ஒருவர் இதே மாடலை நான்கு வருஷமாக ஓட்டுகிறார். ஆயில் மாற்றியதைத் தவிர பெரிய செலவே இல்லையாம். எங்கள் மெக்கானிக்கோ, "எட்டு வருஷத்தில் பேட்டரி போய்விடும், லட்சக்கணக்கில் கை கடிக்கும்" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூவரில் ஒருவர்கூட நீங்கள் வாங்கப்போகும் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. பழைய ஹைப்ரிட் வாங்க வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஓனர் அனுபவத்தைக் கேளுங்கள், கேட்டதும் அந்த வண்டி எந்த ஊரில் ஓடியது, தினமும் ஓடியதா, யார் ஓட்டினார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால்தான் அந்த அனுபவம் உங்களுக்குப் பொருந்துமா என்று தெரியும்.

டொரான்டோவிலிருந்து தொடங்குவோம். கனடாவிலும் அமெரிக்காவின் பனிப் பிரதேசங்களிலும் 2019-க்குப் பிறகு வந்த டொயோட்டா (லெக்ஸஸின் தாய் நிறுவனம்) ரேவ்4 ஹைப்ரிட் ஓனர்கள் பலர் இதே புகாரைச் சொன்னார்கள். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு, பின் மோட்டாருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கேபிளின் இணைப்பில் புகுந்து அரித்துவிடும். உண்மையான பிரச்சினைதான், டொயோட்டாவே அந்தக் கேபிளுக்கு வாரன்டியை நீட்டிக் கொடுத்தது. மதுரை ரோட்டில் யாரும் உப்பு கொட்டுவதில்லை. எனவே அந்தப் பயத்தை அப்படியே இங்கே சுமக்க வேண்டாம். ஒரு விஷயத்தை மட்டும் விசாரியுங்கள்: வண்டி சென்னையில் எந்தப் பகுதியில் நின்றது? திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் கடற்காற்றில் வெளியே நின்ற வண்டி என்றால், லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

சென்னை நண்பர் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. இந்த வண்டியில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. கியர்பாக்ஸில் கிளட்சும் இல்லை, பெல்ட்டும் இல்லை. சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) என்று பெயர் இருப்பதால் பெல்ட் அறுந்துபோகும் சிவிடியோடு இதைச் சேர்த்துக் குழப்புகிறார்கள். இங்கே உள்ளே இருப்பது கோள்-கியர் தொகுதியும் (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சுழலும் பல் சக்கரங்கள்) இரண்டு மோட்டார்களும்தான். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பிரேக் பேட் நெடுநாள் உழைக்கும். தேய்ந்து மாற்ற வேண்டிய பாகங்களே குறைவு என்பதால்தான் அவருக்குச் செலவு வரவில்லை. 2.5 லிட்டர் எஞ்சினும் இந்தியாவில் முன்பு விற்ற கேம்ரி ஹைப்ரிட்டில் இருந்த அதே குடும்பத்து எஞ்சின்தான். புதிராகப் பார்க்க வேண்டிய இயந்திரம் இல்லை.

ஆனால் நண்பர் வண்டியைத் தினமும் ஓட்டுகிறார். நீங்கள் பார்த்திருக்கும் வண்டி வருஷத்துக்குப் பத்தாயிரம் கி.மீ.கூட ஓடவில்லை போலிருக்கிறது. சாதாரண பெட்ரோல் வண்டியில் இதைக் கேட்டதும் சந்தோஷப்படுவோம். ஹைப்ரிட்டில் நான் அடுத்த கேள்வியைக் கேட்பேன்: ஓடாத நாட்களில் எங்கே, எத்தனை நாள் சும்மா நின்றது? மாதக்கணக்கில் நிற்கும்போது மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரியும் மெல்ல இறங்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டச் சொல்லி டொயோட்டா, லெக்ஸஸ் ஹைப்ரிட்களின் கையேட்டிலேயே எழுதியிருக்கும். பின்பக்கம் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி அதற்கு முன்பே செத்துப்போகும். அது செத்தால் வண்டி 'ரெடி' (ஓடத் தயார்) நிலைக்கே வராது, தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு, எலி. பார்க்கிங்கில் மாதக்கணக்கில் நின்ற வண்டியின் பானெட்டைத் திறந்து ஒயர் மேல் சுற்றிய டேப் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆரஞ்சு நிறக் கேபிள்களில் உயர் மின்னழுத்தம். பார்க்கலாம், தொடக் கூடாது.

அடுத்து, யார் ஓட்டினார்கள். இந்த ரக வண்டிகளைப் பெரும்பாலும் டிரைவர்தான் ஓட்டியிருப்பார். பழைய பழக்கத்தில் சிக்னலில் நின்றதும் நியூட்ரலுக்குத் தள்ளிவிடுகிறவர்கள் நிறைய பேர். ஹைப்ரிட்டில் நியூட்ரலில் இருக்கும்போது பேட்டரி சார்ஜ் ஏறாது. ஏசியோ முழு வேகத்தில் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். கிண்டியிலிருந்து அண்ணா சாலை முழுக்க இப்படி ஓட்டினால், மே மாத வெயிலில் பேட்டரி இறங்கி ஏறி இறங்கிச் சூடாகிக்கொண்டே இருக்கும். வண்டியைப் பார்க்கப் போகும் அன்று டிரைவர் இருந்தால் அவரோடு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள். சிக்னலில் அவர் கை எங்கே போகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் மெக்கானிக் சொன்ன பேட்டரி. எட்டு வருஷம் என்று காலண்டர் பார்த்துச் சாகும் பேட்டரி எதுவும் இல்லை. என்எக்ஸ் 300எச்-ல் இருப்பது நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. 204 செல்கள், சுமார் 245 வோல்ட், பின் சீட்டுக்கு அடியில். அதைக் குளிர வைப்பது கேபினுக்குள் இருக்கும் ஏசி காற்றுதான். பின் சீட்டின் கீழே, உட்காருகிறவர்களின் கால் பக்கம், காற்று உள்ளே போகும் துவாரங்கள் இருக்கும். வண்டியைப் பார்த்ததும் நான் முதலில் குனிவது அங்கேதான்.

வாங்கிய முதல் வாரமே தடிமனான 7டி மேட் போட்டு, அது சுருண்டு துவாரத்தைப் பாதி மூடியிருக்கும். குழந்தைகள் சிந்திய மிக்சர், நாய் ரோமம், கோயில் பிரகாரத்து மண் எல்லாம் ஃபில்டரில் அடைந்திருக்கும். ஃபில்டர் அடைத்தால் ஃபேன் கத்தும், பேட்டரி சூடாகும், சூடு ஆயுளைத் தின்னும். என்னிடம் வந்த ஒரு ஓனர் பின் சீட்டிலிருந்து ஹேர் டிரையர் மாதிரி சத்தம் வருகிறது என்று புகார் சொன்னார். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தபோது கம்பளித் துண்டு மாதிரி தூசி திரண்டிருந்தது. பேட்டரி நல்ல நிலையில்தான் இருந்தது. இன்னும் ஒரு கோடைக்காலம் அப்படியே ஓடியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே சர்வீஸ் பில்லில் பேட்டரி ஃபில்டர் சுத்தம் செய்ததாகப் பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று பொதுவாக எழுதியிருந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும்போது டாஷ்போர்டுத் திரையில் வரும் எனர்ஜி மானிட்டரில் பேட்டரிக் கட்டங்களைக் கவனியுங்கள். நல்ல பேட்டரி நடுவில் நின்று மெதுவாக ஏறி இறங்கும். ஒரு மேம்பாலம் ஏறியதும் மளமளவென்று இறங்கி, கீழே வரும்போது அதே வேகத்தில் நிரம்பினால் உள்ளே ஏதோ பலவீனம் இருக்கிறது. ஸ்கேனர் (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி) போட்டால் பேட்டரியைப் பிளாக் பிளாக்காகப் பிரித்து வோல்டேஜ் காட்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் கீழே போனால் அது நோயாளி. பி0ஏ80 என்ற பிழைக் குறியீடு வந்தால் பேட்டரியை மாற்றச் சொல்கிறது என்று அர்த்தம். அந்தக் குறியீட்டை அழித்துவிட்டு வண்டியைக் காட்டுகிறவர்களும் உண்டு என்பதால், ஸ்கேன் செய்வதற்கு முன் அரை மணி நேரமாவது ட்ராஃபிக்கில் ஓட்டுங்கள்.

"பேட்டரியை வெளியே ரீகண்டிஷன் செய்து போட்டிருக்கிறோம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் விலகிவிடுவேன். பழைய மாட்யூல்களுக்கு (செல் தொகுப்புகளுக்கு) நடுவே இரண்டு மூன்றை மட்டும் மாற்றினால், புதியதும் பழையதும் ஒத்துப்போகாமல் அடுத்த பலவீனமான மாட்யூல் கொஞ்ச நாளிலேயே தலைகாட்டும்.

வாரன்டி விஷயத்தில் புரோக்கர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். "ஹைப்ரிட் பேட்டரிக்கு எட்டு வருஷம்" என்பது இன்று எல்லோரும் சொல்லும் வசனம். ஆனால் வாரன்டி வண்டி விற்ற தேதியைப் பொறுத்தது. உதாரணமாக, டொயோட்டா இந்தியாவில் கேம்ரி, வெல்ஃபயர் பேட்டரிக்கு 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. என்று இருந்ததை 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. என்று உயர்த்தியது 2021 ஆகஸ்டில்தான். உங்கள் வண்டி 2019. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, இந்த வண்டிக்கு என்ன மிச்சம் இருக்கிறது, அது அடுத்த ஓனருக்கு வருமா, ஏதாவது ரீகால் வேலை பாக்கியா என்று லெக்ஸஸ் சர்வீஸில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எல்லோரும் பேட்டரியைப் பற்றியே பேசுவதால் பிரேக்கை மறந்துவிடுகிறார்கள். வயதான டொயோட்டா, லெக்ஸஸ் ஹைப்ரிட்களில் நான் அதைவிட அதிகம் கவலைப்படுவது பிரேக் ஆக்சுவேட்டரைப் பற்றி. எலெக்ட்ரிக் பம்ப் ஒன்று பிரேக் ஆயிலை அழுத்தத்தில் சேமித்து வைக்கும். டிரைவர் கதவைத் திறந்ததும் 'உர்ர்' என்று சில நொடி சத்தம் வரும். அது இயல்பு, பயப்பட வேண்டாம். வண்டியை 'ரெடி' நிலையில் 'பி'-யில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏசியையும் பாட்டையும் அணைத்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல் இரண்டு மூன்று நிமிஷம் அமைதியாக உட்காருங்கள். தொடாமலேயே பம்ப் அடிக்கடி ஓடி ஓடி நின்றால் உள்ளே அழுத்தம் கசிகிறது. இந்தப் பாகத்தை மொத்தமாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும், விலையும் அதிகம். அந்தச் சோதனைக்கு உங்கள் நண்பரையும் கூட்டிப்போங்கள். தன் வண்டியில் தினமும் கேட்டுப் பழகிய காது அவருக்கு உண்டு.

எஞ்சினைக் காலையில், குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். நீங்கள் போவதற்கு முன் ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று ஆட்டம் இருந்தால் கூலன்ட் குறைகிறதா, ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் வழி) அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் தொட்டி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. வெளி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்த வண்டிகளில் அது குறைந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் தாழ்வான பகுதிகளில் நின்ற வண்டிகள் எத்தனை மூழ்கின என்று உங்களுக்கே தெரியும். அதே மாதம் நெல்லை, தூத்துக்குடியிலும் அதே கதி. பேட்டரி சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டியில், தரை கார்ப்பெட் நனையும் அளவு தண்ணீர் புகுந்தாலே போதும். சீட் ரெயில் போல்ட்டில் துரு, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் சேற்றுக் கோடு, ஸ்டெப்னி குழியில் மண்: இதில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் இந்த வண்டிக்கு முன்பு என்ன க்ளெய்ம் எடுத்தார்கள் என்று விற்பவர் மூலமாகவே கேட்டு வாங்குங்கள்.

காகித வேலையில் இரண்டே விஷயம். வண்டியின் நம்பர் பிளேட் புதுச்சேரிப் பதிவாக இருந்தால், தமிழ்நாட்டில் மாற்றுப் பதிவுக்கும் ஆயுள் வரிக்கும் ஆகும் தொகையை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். வரி மிச்சம் பிடிக்க அங்கே பதிந்த சொகுசு வண்டிகள் நம் ஊரில் நிறைய ஓடுகின்றன. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவரின் நோ-க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

கடைசியாக, உங்கள் பயன்பாடு. மதுரைக்குள்ளேயே அதிகம் ஓட்டுவீர்கள் என்றால் ஹைப்ரிட்டின் முழுப் பலன் கிடைக்கும். நாற்கரச் சாலையில் 110, 120-ல் சென்னைக்குப் போய் வருவதுதான் முக்கிய வேலை என்றால், மைலேஜில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள். அந்த வேகத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சர்வீஸுக்குச் சென்னை வரை 450 கி.மீ.க்கு மேல் போக வேண்டியிருந்தால் அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியை லெக்ஸஸ் சர்வீஸுக்குக் கொண்டுபோய் ஹைப்ரிட் சிஸ்டம் பரிசோதனை செய்யுங்கள். கட்டணத்தை நீங்களே கொடுங்கள். விற்பவர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ரிப்போர்ட் சுத்தமாக இருந்து, பேட்டரி வாரன்டி மட்டும் முடிந்திருந்தால் வாங்கலாம். அப்போது ஒரு புதிய பேட்டரியின் விலையை அங்கேயே கேட்டு எழுதி வாங்கி, அதில் பாதியையாவது குறைத்துக் கேளுங்கள்; மீதிப் பாதியை இரண்டு மூன்று வருஷத்துக்கு வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள்.