காலில் மறு அடைப்பு: ஒளி மருந்து கிடைக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை நோய் உண்டு. தொடை ரத்தக் குழாய் அடைப்பைப் பலூன் வைத்து விரித்தார்கள். ஏழே மாதத்தில் அதே இடம் மறுபடி சுருங்கிவிட்டது. நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது. ஒளி பட்டால் வேலை செய்யும் மருந்து இதைத் தடுக்கும் என்று படித்தேன். கேட்டுப் பார்க்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். "இங்கே செய்வதில்லை" என்றுதான் பதில் வரும். அதற்காக மருத்துவரைக் குறை சொல்ல முடியாது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஏழு மாதத்தில் பழைய கொழுப்பு திரும்பி வந்துவிடவில்லை. பலூன் விரிந்தபோது குழாயின் சுவர் காயப்பட்டது. காயத்தை ஆற்றக் கிளம்பிய மென்தசைச் செல்கள் (குழாய்ச் சுவரிலேயே இருப்பவை) அளவு தெரியாமல் பெருகி, உள்பக்கம் நகர்ந்து வழியை அடைக்கின்றன. சுவரும் தழும்பேறி இறுகுகிறது.

அந்தச் செல்களைத்தான் ஒளி மருந்து குறிவைக்கிறது. இருட்டில் அது சாது. குழாய்க்குள் மெல்லிய ஒளியிழையை நுழைத்துச் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், அருகிலுள்ள ஆக்சிஜனை முறுக்கேற்றிச் செல்களைக் கொல்ல வைக்கும். முறுக்கேறிய ஆக்சிஜனின் ஆயுள் சில மைக்ரோ நொடிகள்தான் என்பதால், சேதம் ஒளி பட்ட இடத்தைத் தாண்டாது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. ஆனால் ரத்தம் ஒளியை விழுங்கிவிடும். ரத்தத்தை விலக்கினாலோ, மருந்துக்குத் தேவையான ஆக்சிஜன் வரத்து குறையும்! மருந்து உடலில் இருக்கும்வரை வெயிலில் தலைகாட்டவும் கூடாது.

1990களின் இறுதியில் லண்டனில், உங்கள் அப்பாவைப் போலத் தொடைக் குழாய் மறுபடி சுருங்கிய சிலருக்கு, உடலுக்குள் போய் ஒளி மருந்தாக மாறும் அமினோலெவுலினிக் அமிலத்தைக் கொடுத்து இதைச் செய்து பார்த்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகள். முடிவு நம்பிக்கை தந்தது. அதற்குள் மருந்து பூசிய ஸ்டென்ட்கள் (குழாயைத் திறந்தே வைத்திருக்கும் சிறு வலைக்குழல்கள்) வந்தன. 2003இல் அமெரிக்கா இதயத்துக்கு அனுமதித்தது. கவனம் அந்தப் பக்கம் போய்விட்டது.

ஆகவே உங்கள் மருத்துவரிடம் பாக்லிடாக்செல் என்ற மருந்து பூசிய பலூன் அப்பாவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அதுவும் இதே செல்களின் பெருக்கத்தைத்தான் அடக்குகிறது, விளக்கு இல்லாமலே. யாராவது 'லேசர் சிகிச்சை' என்றால் அது வேறு: அடைப்பைச் செதுக்கும் கருவி, ஒளி மருந்து அல்ல.

அப்பா புகைப்பவரென்றால் இன்றே நிறுத்தட்டும். ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது. படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ, விரல் கறுத்தாலோ, புண் தோன்றினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.