நியோபியம் உலோகம்: கேள்வி பதில்

சரவணன்: நியோபியம் என்று சொல்லி ஒரு சாம்பல் நிறத் துண்டைக் கொடுத்திருக்கிறார்கள் சார். ஸ்டீலா, டைட்டானியமா, உண்மையிலேயே நியோபியமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மெருகேற்றினால் ஸ்டீல் மாதிரியேதான் பளபளக்கும். அடர்த்தியைப் பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டருக்கு நியோபியம் 8.57 கிராம், டைட்டானியம் 4.5, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுமார் 7.9, டான்டலம் 16.6.

0.01 கிராம் வரை காட்டும் தராசில் துண்டை எடை போடுங்கள். பிறகு தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்கி, துண்டை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதாக மூழ்க விடுங்கள். இப்போது தராசு காட்டுவதுதான் துண்டின் கன அளவு. 25.71 கிராம் துண்டுக்கு 3.00 என்று காட்டினால், வகுக்க 8.57 வரும். காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கன அளவு கூடி, அடர்த்தி குறைவாகத் தெரியும். ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டால் குமிழ் நிற்காது.

வெள்ளையாக இருக்கும் சில நிக்கல்-செம்புக் கலவைகளும் இந்த அடர்த்தியை ஒட்டி வரும். சந்தேகம் தீர அனோடைசிங் (கரைசலில் மின்சாரம் செலுத்தி மேற்பரப்பில் ஆக்சைடு படலம் வளர்ப்பது) செய்து பாருங்கள். அவற்றில் வானவில் நிறம் ஏறாது.

தேன்மொழி: அந்த நிறம் சாயமா? வீட்டுப் பட்டறையில் செய்ய முடியுமா?

பதில்: சாயம் துளியும் இல்லை. உலோகத்தின் மேல் வளரும் நிறமற்ற ஆக்சைடு படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து உண்டாகும் நிறம் அது. படலத்தின் தடிமன் மாறினால் நிறம் மாறும். தடிமனைத் தீர்மானிப்பது வோல்டேஜ். நியோபியத்தின் குணம் முழுவதையும் இந்தப் படலத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். குளிர்ந்த நிலையில் அது கவசம், சூட்டில் அதுவே கேடு.

செய்முறை: ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 30 முதல் 50 கிராம் ட்ரைசோடியம் பாஸ்பேட்டைக் கரையுங்கள். 0–120 வோல்ட் டிசி பவர் சப்ளையின் நேர்முனையில் நியோபியம், எதிர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. இரண்டும் தொடக்கூடாது. கரைசலுக்குள் போகும் கிளிப்போ கம்பியோ நியோபியம் அல்லது டைட்டானியமாக இருக்கட்டும். செம்புக் கம்பி நனைந்தால் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியே போய்விடும், செம்பும் கரையும், துண்டில் நிறம் ஏறாது.

ஏறத்தாழ 20 வோல்ட்டில் ஊதா, 30-ல் நீலம், 40-ல் வெளிர்நீலம், 60-ல் பொன்மஞ்சள், 70-ஐத் தாண்டி இளஞ்சிவப்பு, 90-க்கு மேல் நீலப்பச்சை, 100-ஐ ஒட்டிப் பச்சை. உங்கள் கரைசலுக்கும் மேற்பரப்புக்கும் ஏற்ப இது சில வோல்ட் நகரும். அதனால் ஒரு பட்டைத் தகட்டில் 5 வோல்ட்டுக்கு ஒரு படியாக மாதிரி அட்டவணை செய்துகொள்ளுங்கள். வோல்டேஜை மெல்ல ஏற்றினால் நிறங்கள் வரிசையாக ஓடுவது கண்ணெதிரே தெரியும். மின்னோட்டம் விழுந்து பூஜ்யத்தை நெருங்கினால் அந்த வோல்டேஜுக்கான படலம் முடிந்தது என்று பொருள்.

100 வோல்ட் டிசி ஆளைக் கொல்லும். ரப்பர் கையுறை கட்டாயம். சுவிட்சை அணைக்காமல் கரைசலுக்குள் கை போகவே கூடாது.

தேன்மொழி: ஒரே துண்டில் இரண்டு நிறம் வேண்டுமென்றால்?

பதில்: உயர்ந்த வோல்டேஜ் நிறத்தை முதலில் ஏற்றுங்கள். பிறகு வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டி உலோகத்தை வெளிக்காட்டி, குறைந்த வோல்டேஜில் மறுபடி செய்யுங்கள். தடித்த படலத்தைக் குறைந்த வோல்டேஜ் அசைக்காது. வரிசையை மாற்றினால் முதலில் ஏற்றிய நிறம் போய்விடும்.

ஜாபர்: எனக்குத் திட்டுத் திட்டாக வருகிறது. கருப்பும் சிவப்பும் வரவே இல்லை.

பதில்: திட்டுக்குக் காரணம் பெரும்பாலும் விரல் எண்ணெய். சோப்பில் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அதன்பின் வெறுங்கை படாமல் பாருங்கள். டைட்டானியத்துக்குச் செய்வது போல ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முக்க வேண்டியதில்லை. அந்த ஆபத்து இல்லாமலே நியோபியம் பளிச்சென்று நிறம் பிடிக்கும்; இதை விரும்ப எனக்கு இது ஒன்றே போதும். நல்ல சிவப்பு இந்த முறையில் கிடைக்காது. கருப்பு, சூடேற்றி ஆக்சைடாக்கும் தனி முறையில் வருவது. அணிந்த நகை மங்கினால் முதலில் சோப்பில் கழுவுங்கள். எண்ணெய்ப் பூச்சு போனால் நிறம் திரும்பும். கீறினால் திரும்பாது.

பிரபு: டிக் வெல்டிங் (ஆர்கான் வாயு சூழ மின்பொறியால் பற்றவைப்பது) செய்தேன் சார். மடக்கியதும் ஒடிந்துவிட்டது.

பதில்: சூட்டில் காற்று பட்டிருக்கிறது. உருகுநிலை 2477 டிகிரி செல்சியஸ் என்பதைப் பார்த்து, சூடு தாங்கும் உலோகம் என்று நினைத்துவிடுகிறார்கள். காற்றில் 400 டிகிரியைத் தாண்டினாலே ஆக்சிஜனேற்றம் வேகமெடுக்கும். ஆக்சைடு உலோகத்தைவிட அதிக இடம் கேட்பதால் செதில் செதிலாக உதிரும். ஆக்சிஜனும் நைட்ரஜனும் உள்ளே கரைந்து உலோகத்தை நொறுங்க வைக்கும். டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் மட்டும் போதாது. பின்பக்கமும், ஆறிக்கொண்டிருக்கும் பகுதியும் ஆர்கானில் மூடியிருக்க வேண்டும். ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள் செய்வது நல்லது, வெற்றிடத்தில் எலக்ட்ரான் கற்றை வெல்டிங் அதைவிடச் சிறந்தது. வெல்டிங் செய்த இடம் வெள்ளிபோல் பளிச்சென்று இருந்தால் சரி. நீலமோ சாம்பல் தூளோ தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். கேஸ் டார்ச்சால் பற்றவைக்கும் எண்ணமே வேண்டாம். நகைக்கு ரிவெட்டும் வளையமும் போதும்.

பிரபு: லேத்தில் எப்படி?

பதில்: மென்மையானது, டூலில் அப்பிக்கொள்ளும். கூரான டூல், தாராளமான கூலண்ட். டூலை ஒரே இடத்தில் தேய்க்க விடாதீர்கள்.

கவிதா: இவ்வளவு நியோபியமும் நகைக்கா போகிறது?

பதில்: இல்லை, பெரும்பகுதி எஃகுக்கு. பிரேசிலில் அராஷா பகுதியின் பைரோகுளோர் தாதுதான் முதன்மை மூலம். சுமார் 65 சதவீத நியோபியம் கொண்ட ஃபெர்ரோநியோபியம் என்ற இரும்புக் கலவையாக எஃகில் சேர்க்கிறார்கள். டன்னுக்கு 500 கிராம், அதாவது 0.05 சதவீதம் சேர்த்தாலே பலன் தெரியும். உருட்டும்போது நுண்ணிய கார்பைடு துகள்கள் படிகங்கள் பெருப்பதைத் தடுக்கின்றன. படிகம் சிறுத்தால் வலிமையும் கூடும், முறிவு எதிர்ப்பும் கூடும். இரண்டையும் சேர்த்துத் தரும் வழிகள் எஃகில் குறைவு. குழாய்வழிகளுக்கும் கார் உடல்களுக்கும் இது பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான். ஜெட் எஞ்சின்களில் ஓடும் இன்கோனல் 718 என்ற நிக்கல் கலவையில் சுமார் 5 சதவீதம் நியோபியம்.

ஜாபர்: எம்ஆர்ஐ இயந்திரத்தில்?

பதில்: அங்கே நியோபியம்-டைட்டானியம் கம்பி, திரவ ஹீலியத்தில் குளிர்ந்து மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்துகிறது. தூய நியோபியமே 9.2 கெல்வினுக்குக் கீழே இப்படி மின்தடையற்ற மீக்கடத்தி. நியோபியம்-டின் (வெள்ளீயம்) சேர்மம் 18 கெல்வின் வரை தாங்கும், ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். அதனால் கூறுகள் தனித்தனியாக இருக்கும்போதே கம்பியைச் சுருளாகச் சுற்றி, பிறகு சுமார் 650 டிகிரியில் பல நாள் வேகவைத்துச் சேர்மமாக்குகிறார்கள்.

கவிதா: அமிலத் தொட்டிக்கு ஆகுமா?

பதில்: அறை வெப்பத்தில், தங்கத்தைக் கரைக்கும் அமிலக் கலவையான ராஜதிராவகத்தையே தாங்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் மட்டும் கூடாது, அது படலத்தையே கரைத்துவிடும். சூடான காஸ்டிக் சோடாவும் கூடாது. உலோகம் நொறுங்கும் தன்மைக்குப் போகும்.