நிமோனியா சரியாகியும் தாத்தாவால் ஏன் நடக்க முடியவில்லை?

குடியாத்தத்தில் கடைத்தெரு வரை தானே நடந்துபோன 82 வயது தாத்தா, வேலூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு நடக்க முடியாமல் திரும்பினார், நர்ஸ்கள் சரியாகப் பார்க்கவில்லையா என்கிறீர்கள்.

அவசரப்பட்டு அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். படுக்கையே காரணமாக இருக்கலாம். நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த ஆய்விலேயே, கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்திருந்தது. நோயைத் தாங்கும் சக்தி குறைந்துபோன உடம்பை டாக்டர்கள் ‘ஃபிரெயில்’ என்பார்கள், அதற்கு 1 முதல் 9 வரை அளவுகோலும் உண்டு. எழுப்பி உட்கார வைக்க, ஊட்டிவிட, புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க எவ்வளவு ஆள் வேண்டும் என்பதை வயதைவிட அந்த அளவுதான் நன்றாகச் சொல்லும் (நம் ஊரில் பாதி வேலை கூட இருக்கும் மருமகள் தலையில்தான்).

அடுத்த முறை, டாக்டர் சரி என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே நாற்காலியில் உட்கார வையுங்கள். அப்புறம், கண்ணாடியையும் பல்செட்டையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.