கருவில் நாள் கணக்கு: ஓர் அனாட்டமி டீச்சரிடம் கேட்டவையும் கிடைத்த பதில்களும்

இருபத்தாறு வருடம் மருத்துவ மாணவர்களுக்கு அனாட்டமி எடுத்தவள் நான், அதில் கருவியல்தான் என் பாடம். கரு வளர்வதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் பிரசவம் பார்க்கும் டாக்டர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பி "நார்மலா?" என்று கேட்டால் உங்கள் டாக்டரிடமே போகச் சொல்வேன்.

மேடம், என் கணவர் துபாயிலிருந்து லீவில் வந்து சரியாக நாலு வாரம்தான் ஆகிறது. நேற்று ஸ்கேனில் ஆறு வாரம் என்று எழுதிவிட்டார்கள். மாமியார் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகையாக வருகிறது.

அழாதீங்கம்மா. ஸ்கேனும் சரி, நீங்களும் சரி. டாக்டர்கள் வாரம் எண்ண ஆரம்பிப்பது கரு உண்டான நாளிலிருந்து இல்லை, கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து. அந்த நாள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், கரு உண்டான நாள் யாருக்கும் தெரியாது, அதனால்தான் இந்த ஏற்பாடு. சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதே அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. ஆகவே டாக்டர் கணக்கில் முதல் இரண்டு வாரம் வயிற்றில் கருவே கிடையாது. உங்கள் "ஆறு வாரம்" என்றால் கருவுக்கு வயது நாலு வாரம், அவர் வந்து இறங்கிய நாளோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. இதை அப்படியே மாமியாரிடம் படித்துக் காட்டுங்கள். வேண்டுமானால் டாக்டரிடம் அவரையும் அழைத்துப் போங்கள், தினமும் இரண்டு பேருக்காவது இதை விளக்குகிறவர்கள் அவர்கள்.

இனி நான் "டாக்டர் கணக்கு" என்றால் இந்தக் கணக்கு, "கருவின் வயது" என்றால் அதில் இரண்டு வாரம் குறைவு. இந்தக் குழப்பத்தால்தான் பாதிக் கேள்விகள் வந்திருக்கின்றன.

பத்து மாதம் சுமந்தாள் என்கிறோம், டாக்டர் ஒன்பது மாதம் என்கிறார். எது சரி?

இரண்டும். டாக்டர் கணக்கில் 280 நாள். 28 நாள் மாதமாக வகுத்தால் பத்து, காலண்டர் மாதமாக எண்ணினால் ஒன்பதும் ஒரு வாரமும்.

ஐ.வி.எஃப். செய்தோம். ஐந்தாம் நாள் கருவை வைத்தார்கள். அன்றைக்கு நான் எத்தனை வாரம்?

இரண்டு வாரம் ஐந்து நாள். கரு உண்டான நாள் மணி சுத்தமாகத் தெரிந்தவர்கள் உங்களைப் போன்றவர்கள் மட்டும்தான், ஆனாலும் ஊரோடு ஒத்துப்போக அந்த இரண்டு வாரத்தைச் சேர்த்தே எழுதுவார்கள்.

டீச்சர், அந்த ஐந்தாம் நாள் கரு என்பது என்ன? முதல் சில வாரங்களின் படிகளைக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

முட்டையும் விந்தணுவும் கருக்குழாயில் சேர்கின்றன. சேர்ந்த ஒற்றைச் செல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஒரு நாள் கழித்து இரண்டாகும், அப்புறம் நாலு, எட்டு. வேடிக்கை என்னவென்றால் அது பிரிகிறதே தவிர வளர்வதில்லை, அதே சின்னக் கூட்டுக்குள் அறைகள் மட்டும் கூடிக்கொண்டே போகும். மூன்று நான்கு நாளில் முசுக்கட்டைப் பழம் போல ஒரு பந்து. ஐந்தாம் நாள் அந்தப் பந்துக்குள் நீர் கோத்து, ஒரு ஓரத்தில் சில செல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளையாக ஆகப்போவது அந்த ஓரத்துக் கூட்டம்தான், சுற்றுச்சுவர் நஞ்சுக்கொடிக்குப் போய்விடும். ஆறு ஏழு நாளில் கருப்பைச் சுவரைத் தொட்டு, இரண்டாவது வாரம் முடிவதற்குள் முழுதாகப் புதைந்துகொள்ளும். யூரின் டெஸ்டில் இரண்டு கோடு விழுவது அந்தச் சுற்றுச்சுவர் செல்கள் சுரக்கும் ஹார்மோனால்.

மூன்றாவது வாரத்தில் தட்டையான தட்டு மூன்று அடுக்காகிறது. மேலடுக்கு தோலும் மூளையும், நடு அடுக்கு எலும்பு, தசை, இதயம், கீழடுக்கு குடல், நுரையீரலின் உள்பூச்சு. என்னைக் கேட்டால் ஒன்பது மாதத்திலேயே பெரிய சம்பவம் இதுதான், ஆனால் அன்றைக்குத் தாய்க்கு நாள் தள்ளிப்போனது என்று சந்தேகம் வந்திருந்தாலே அதிகம். எட்டு வாரம் வரை "கரு", அதற்குப் பிறகு "சிசு" என்று பெயர் மாறுகிறது, இது கருவின் வயதில். அதற்குள் எல்லா உறுப்பும் போட்டாயிற்று, மொத்த நீளம் 3 சென்டிமீட்டர்.

ஐந்தரை வாரத்தில் ஸ்கேன் பார்த்தோம், இதயத் துடிப்பு இல்லை, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். பயமாக இருக்கிறது.

இதயம் துடிக்க ஆரம்பிப்பதே கருவின் 22, 23-வது நாளில், டாக்டர் கணக்கில் ஐந்து வாரம் தாண்டி. அப்போது அது நாலு அறை இதயம் கூட இல்லை, வளைந்த ஒரு குழாய். கருவே இரண்டு மூன்று மில்லிமீட்டர், கசகசாவை விடக் கொஞ்சம் பெரிது, ஸ்கேனில் தெரியாமல் போனால் ஆச்சரியமில்லை. அதோடு உங்களுக்கு முட்டை நாலு நாள் தாமதமாக வெளிவந்திருந்தால் கருவும் நாலு நாள் இளையது. நல்ல செய்தி நிச்சயம் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பத்து நாள் காத்திருப்பது சரியான முடிவு, அவசரப்பட்டு எதையும் முடிவு செய்யக்கூடாத கட்டம் இது.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையை எப்போது தொடங்க வேண்டும்? உறுதியானதும் ஆரம்பித்தால் போதும்தானே?

போதாது. இது ஒன்றுக்காகத்தான் இந்தக் கேள்வி பதிலையே ஆரம்பித்தேன் என்று கூடச் சொல்லலாம். மூளையும் முதுகுத்தண்டும் முதலில் ஒரு தட்டையான பட்டை. ஓலைப்பாயின் இரண்டு ஓரத்தையும் தூக்கி நடுவில் சேர்த்தால் குழாய் ஆகுமில்லையா, அப்படித்தான். நடுவில் ஒட்டத் தொடங்கி மேலும் கீழும் மூடிக்கொண்டே போய், கருவின் 28-வது நாளில் கீழ் முனையும் மூடிவிடும். மேலே மூடாவிட்டால் மண்டையோடும் மூளையும் உருவாகாது, கீழே மூடாவிட்டால் முதுகுத்தண்டு திறந்தே நிற்கும். அது சரியாக மூட உதவுவதுதான் ஃபோலிக் ஆசிட்.

இப்போது காலண்டரைப் பாருங்கள். 28-வது நாள் என்பது மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டே வாரம். சந்தேகப்பட்டு, டெஸ்ட் செய்து, டாக்டரைப் பார்த்து, மாத்திரையை விழுங்குவதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. ஆகவே குழந்தை வேண்டும் என்று நினைத்த மாதமே, குறைந்தது ஒரு மாதம் முன்பே, தினம் 0.4 மில்லிகிராம். கீரை சாப்பிடுங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். முன்பு இப்படி ஒரு குழந்தை இருந்தவர்களுக்கு அளவு பத்து மடங்கு, அதை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். 1991-ல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட சோதனையில் அப்படிப்பட்ட தாய்மார்களுக்கு இந்தக் குறை மறுபடி வருவது 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இவ்வளவு சின்ன மாத்திரைக்கு இது பெரிய வேலை.

அக்கா, என் மகளுக்கு மேலுதடு பிளந்து பிறந்திருக்கிறது. ஐந்தாம் மாதம் கிரகணத்தன்று நான் வெளியே வந்து காய் நறுக்கியதால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே விரலை வைத்துப் பாருங்கள். ஒரு சின்னப் பள்ளம், இரண்டு பக்கமும் மெல்லிய வரம்பு. முகம் உருவாகும்போது பக்கத்துத் துண்டுகளும் நடுத்துண்டும் வந்து ஒட்டுகிற இடம் அது, நம் எல்லோருக்கும் அந்தத் தையல் அடையாளம் இருக்கிறது. உங்கள் மகளுக்கு அந்த ஒட்டு விட்டுப்போயிற்று. அது ஒட்ட வேண்டிய நேரம் டாக்டர் கணக்கில் ஏழிலிருந்து ஒன்பது வாரத்துக்குள், அதாவது மூன்றாவது மாதத் தொடக்கத்திலேயே முடிந்துபோன வேலை. ஐந்தாம் மாதம் நீங்கள் காய் நறுக்கினால் என்ன, கிரகணத்தையே நேருக்கு நேர் பார்த்தால் என்ன (கண்ணுக்குக் கெடுதல், அது வேறு விஷயம்), ஒட்டிய உதடு பிளக்காது. பரம்பரை, சில மருந்து, புகை என்று காரணம் பலவும் கலந்தது, பெரும்பாலும் இன்னதென்று சுட்டவே முடியாது. மூன்று மாதம் தாண்டினால் உதட்டு ஆபரேஷன் செய்துவிடலாம், அந்தத் தேதியைக் கேட்டு வையுங்கள்.

நீட்டுக்குப் படிக்கிறேன். நமக்குக் கருவில் வாலும் செவுளும் இருந்தது உண்மையா மேம்?

வால் உண்மை தம்பி. நாலைந்து வாரத்தில் இருக்கும், எட்டு வாரத்துக்குள் கரைந்துவிடும், மிச்சம்தான் உன் வால் எலும்பு. செவுள் கிடையாது. கழுத்தில் வரிவரியாக மடிப்புகள் உண்டு, மீனுக்கு அதே மடிப்புகள் செவுளாகப் போகும், நமக்குத் தாடை எலும்பாகவும் காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளாகவும் போகும். மீன், கோழி, மனிதக் கருக்களை வரிசையாக வைத்து ஜெர்மன் உயிரியலாளர் ஹேக்கல் 1874-ல் வரைந்த அந்தப் பிரபலமான படத்தை நம்பிப் படிக்காதே, ஒற்றுமையைக் கூட்டி வரைந்துவிட்டார்.

அதை விட எனக்குப் பிடித்தது கை. எங்கள் மியூசியத்தில் ஒரு ஜாடியில் ஆறு வாரக் கரு உண்டு, லென்ஸ் வைத்துப் பார்த்தால் கை ஒரு குட்டித் தோசைத் திருப்பி மாதிரி தட்டையாக, மேலே ஐந்து மங்கலான வரிகளோடு இருக்கும். விரல்கள் முளைத்து வருவதில்லை, இடையில் இருக்கும் செல்கள் தாமாகச் செத்துப்போய் விரல்களை விடுவிக்கின்றன. சாகாமல் விட்டுவிட்டால் ஒட்டிய விரல்.

இதயத் துடிப்பு 150-க்கு மேல் இருந்தால் பெண் குழந்தையாமே?

இல்லை. துடிப்பு ஒன்பது வாரத்தில் எல்லோருக்கும் 170 வரை ஏறி அப்புறம் தானே இறங்கும். அடுத்த கேள்வி எங்கே போகும் என்று தெரியும், கருவில் ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்ற 1994-ம் வருடச் சட்டம் ஸ்கேன் சென்டர் வாசல் போர்டிலேயே எழுதியிருக்கிறது. குங்குமப்பூ பற்றிக் கேட்ட ஏழு பேருக்கும் இங்கேயே: பாலுக்குத்தான் நிறம் வரும்.

வளைகாப்பில் வளையல் சத்தம் குழந்தைக்குக் கேட்கும் என்பது சும்மாதானே?

ஏழாம் மாதம் செய்தால் கேட்கும். 25, 26 வாரத்தில் உள்காது வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. ஆனால் மெல்லிய கண்ணாடிச் சத்தத்தை விடத் தாயின் குரல்தான் உடம்பு வழியாக நன்றாகப் போய்ச் சேரும். இதை வைத்து முன்னோருக்கு அன்றே தெரியும் என்று யாராவது எழுதினால் நான் பொறுப்பில்லை.

ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது என்று பாட்டி சொல்கிறார். எனக்கு இப்போது எட்டாம் மாதம்.

பழைய கிரேக்கர்களும் இதையே சொன்னார்கள், அவர்களும் தப்பு. கடைசியாகத் தயாராகும் உறுப்பு நுரையீரல். அதன் காற்றறைகள் ஈரம் பட்ட பிளாஸ்டிக் பை போல ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வழவழப்பான ஒரு பொருள் சுரக்க வேண்டும், அது 24 வாரத்தை ஒட்டித் தொடங்கி 34, 35 வாரத்தில்தான் போதுமான அளவு சேரும். ஆகவே ஒவ்வொரு வாரமும் லாபம்தான், ஏழை விட எட்டு நிச்சயம் மேல். முன்கூட்டியே வலி வந்துவிட்டால் தாய்க்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நியூசிலாந்தில் கிரகாம் லிக்கின்ஸ் என்பவர் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆடுகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். செத்துப் பிறக்க வேண்டிய குறைமாதக் குட்டி ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்து போய் 1972-ல் அவரும் குழந்தை மருத்துவர் ஹோவியும் தாய்மார்களிடம் செய்த சோதனையை வெளியிட்டார்கள், அந்த ஊசிதான் இன்றும் எல்லா ஊரிலும்.

டெலிவரி தேதி நேற்றே முடிந்துவிட்டது, இன்னும் வலி வரவில்லை.

சொன்ன தேதியன்றே பிறப்பவை நூற்றுக்கு நாலைந்துதான். அசைவு வழக்கம்போல் இருக்கிறதா பாருங்கள், குறைந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பிவிடுங்கள். டாக்டர் எந்த நாள் வரச் சொன்னாரோ அன்று கட்டாயம் போங்கள்.