ஆறு பவுன் ஆரத்தை அடகு வைத்து மகளை நடிப்பு படிக்க அனுப்பலாமா?

கேள்வி: ஐயா, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மாதம் இருபது, இருபத்தைந்தாயிரம் கையில் நிற்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மகள் இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு, நடிப்புதான் படிப்பேன் என்கிறாள். சென்னையில் ஒரு தனியார் பயிற்சிக்கூடத்தில் ஒரு வருடத்துக்கு 2,80,000 ரூபாய் கேட்கிறார்கள். என் மனைவி, முதலில் பி.ஏ. முடிக்கட்டும் என்கிறாள். வங்கியில் 2 லட்சம் டெபாசிட்டும் மனைவியின் ஆறு பவுன் ஆரமும் இருக்கின்றன. ஆரத்தை வைத்து அனுப்பிவிடலாமா?

பதில்: ஆரத்தை வைக்காதீர்கள். அதற்காக மகளிடம் நடிப்பே வேண்டாம் என்றும் சொல்லிவிடாதீர்கள். அவள் ஆசையில் தப்பில்லை, பணம் போகப்போகிற வழிதான் தப்பு.

கட்டணம் 2,80,000. சென்னையில் விடுதி, சாப்பாடு, பஸ் என்று எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் மாதம் 10,000 ஆகும், வருடத்துக்கு 1,20,000. ஆக நாலு லட்சம். நகைக்கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தாலே மாதம் 2,800 போகும், ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாமல் பட்டறை காற்று வாங்கினாலும் அதைக் கட்டியாக வேண்டும். கல்விக்கடன் கேட்கலாமே என்று தோன்றும். அங்கீகாரம் உள்ள படிப்புக்குத்தான் வங்கிகள் அதைத் தரும், இந்த மாதிரி தனியார் சான்றிதழ் படிப்புகளுக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது, அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பயிற்சி முடிந்த மறுநாளிலிருந்து ஆரம்பிக்கும் காத்திருப்பு. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவைத் தாண்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், 1935-ல் டி.ஆர். சுந்தரம் ஆரம்பித்த அந்த சினிமா ஸ்டுடியோ காலத்தில் மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் படம் எடுத்தார்கள். இன்றைக்கு அப்படி இல்லை, வாய்ப்பு வரும்வரை வாடகையை அவரவர்தான் கட்ட வேண்டும். என் அக்கா மகன் இப்படித்தான் கடன் வாங்கி ஒரு இடத்தில் படித்தான். அப்புறம் போட்டோ ஆல்பத்துக்கு என்று தனியாக 35,000 வாங்கினார்கள், ரசீது ஒரு துண்டுச் சீட்டு. படிப்பு முடிந்தபோது சென்னையில் நாலு மாதம் தங்கக்கூடக் கையில் காசில்லை, ஊருக்குத் திரும்பிவிட்டான். பையனிடம் திறமை இருந்தது, அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

சரி, பி.ஏ. படித்தால் நடிப்புக் கனவு தள்ளிப்போகுமே என்று மகள் கேட்பாள். அவளுக்கு இதைக் காட்டுங்கள். டெல்லியில் இருக்கும் தேசிய நாடகப் பள்ளியில் சேரவே ஒரு பட்டம் வேண்டும், அதோடு ஆறு நாடகங்களிலாவது பங்கெடுத்திருக்க வேண்டும், ஆங்கிலமும் இந்தியும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். இடம் கிடைத்துவிட்டால் அவர்களே மாதாமாதம் உதவித்தொகை தருகிறார்கள். நாடு முழுவதற்கும் முப்பது சொச்சம் இடம்தான், அதனால் அதை மட்டும் நம்பவும் கூடாது. புனே திரைப்படக் கல்லூரியின் நடிப்புப் படிப்புக்கும், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கான முதுகலைப் படிப்புக்கும்கூடப் பட்டம் முடித்திருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் கடன் தேவைப்பட்டால் முறையான கல்விக்கடனே கேட்கலாம். 4 லட்சம் வரை அடமானம் கேட்க மாட்டார்கள், படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணையும் ஆரம்பிக்காது.

அதனால் சேலத்திலேயே அரசு மகளிர் கலைக் கல்லூரியில் சேர்த்துவிடுங்கள். கட்டணம் உங்கள் பட்டறைக்கு ஒரு சுமையே இல்லை, அரசுப் பள்ளி மாணவி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். ஆங்கில இலக்கியம் எடுக்கச் சொல்வேன். நாடகம் பாடமாகவே வரும், டெல்லிக்குத் தேவையான ஆங்கிலமும் வந்துவிடும். இந்திக்கு பிரச்சார சபா தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதட்டும். வருடத்துக்கு இரண்டு நாடகம் என்றால் மூன்று வருடத்தில் ஆறு ஆகிவிடும், ஒவ்வொன்றின் அழைப்பிதழையும் போட்டோவையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துத் திருவிழாக்களில் விடியவிடியக் கூத்து நடக்கிறதே, கட்டுபவர்களிடம் போய்ப் பேசட்டும், பின்பாட்டு பாடட்டும். ராத்திரி முழுக்கக் குரல் உடையாமல் நிற்க அவர்களுக்குத் தெரியும், அதற்கு யாரும் லட்சக்கணக்கில் கேட்கப்போவதில்லை.

பணத்துக்கு வருவோம். அந்த 2 லட்சம் டெபாசிட்டைத் தொடாதீர்கள். வட்டி ஏழு சதவீதம் கிடைத்தால் மூன்று வருடத்தில் சுமார் 2,46,000 ஆகும். மகளுக்கு வரும் ஆயிரத்தோடு நீங்கள் ஒரு ஆயிரம் சேர்த்து வங்கியில் ஆர்.டி. போட்டால் அது 80,000-ஐ ஒட்டி வரும். இரண்டும் சேர்ந்து 3,26,000. மாதம் 15,000 செலவு என்றாலும் சென்னையில் இருபது மாதத்துக்கு மேல் தாங்கும். என் அக்கா மகனிடம் இல்லாமல் போனது இந்த இருபது மாதம்தான்.

அவளுக்கு இப்போது 18 இருக்கும். டெல்லி பள்ளியில் 30 வயது வரை விண்ணப்பிக்கலாம், 21-ல் பட்டத்தோடு போனால் தாமதமே இல்லை. பொறுக்கவே முடியவில்லை என்றால் கோடை விடுமுறையில் பத்து நாள் நாடகப் பட்டறை ஏதாவதற்கு அனுப்புங்கள், அந்த மாத வருமானத்திலேயே சமாளித்துவிடலாம். கல்லூரி விண்ணப்பத்தை ஆன்லைனில்தான் போட வேண்டும், கடைசித் தேதிக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து போட்டுவிடுங்கள். பயிற்சிக்கூடத்துக்கு முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால், திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.