அனுதாபத்தில் வந்த புகழா?

கேள்வி: ஆபரா (பாடியே நடிக்கும் மேலைநாட்டு இசை நாடகம்) பாடகி கேத்லீன் ஃபெரியரை விமர்சகர்கள் இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அவர் நடித்ததோ இரண்டே ஆபராக்களில். மற்றதெல்லாம் கச்சேரிகள். 41 வயதில் புற்றுநோயால் இறந்தாரே என்ற அனுதாபம்தானே இந்தப் புகழுக்குக் காரணம்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஃபெரியர் முதன்முதலாக ஆபரா மேடை ஏறியது 1946-ல், இங்கிலாந்தின் கிளைண்ட்போர்னில், பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்த லுக்ரீஷியா வேடத்தில். அடுத்த ஆண்டு அதே இடத்தில் குளுக் இசையமைத்த ஆபராவில் ஆர்ஃபியஸ் வேடம். அதே 1947-ல் எடின்பரோ விழாவில் புரூனோ வால்ட்டர் இசைக்குழுவை நடத்த, இசையமைப்பாளர் மாஹ்லரின் 'பூமியின் பாடல்'. பெயர் கிடைத்ததெல்லாம் அப்போதே. நோய் தெரியவந்தது 1951 மார்ச்சில். அதையும் வெளியே சொல்லாமல்தான் பாடிக்கொண்டிருந்தார். இன்னும் வராத நோய்க்காக எந்த விமர்சகர் பரிதாபப்பட்டிருப்பார்?

எல்லோரும் ஒரே குரலில் புகழ்ந்தார்கள் என்பதும் சரியல்ல. 1948 ஜனவரியில் நியூயார்க்கில் பாடிய மறுநாள் தன் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில், சில விமர்சகர்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது, சிலருக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படித் தரம் பார்த்தவர்கள் நடுவில் வந்த பெயர் அது.

இரண்டே ஆபரா என்கிறீர்கள். அவருடைய குரல் கான்ட்ரால்டோ. பெண் குரல்களில் ஆகக் கீழே இறங்கும் குரல். காதலிக்கும் இளம்பெண் வேடங்களையெல்லாம் இசையமைப்பாளர்கள் உச்சக் குரல்காரிகளுக்கு எழுதிவிட்டார்கள். இந்தக் குரலுக்கு மிஞ்சுவது தாய், சூனியக்காரி, இல்லையென்றால் ஆண் வேடம். ஆர்ஃபியஸே ஆண் வேடம்தான். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு பிளாக்பர்ன் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குப் போனவர், இசைக் கல்லூரி வாசலையே மிதிக்காதவர், முப்பத்து நான்கு வயதில் ஒரு ஆபராவின் தலைமை வேடத்துக்கு வந்தார் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மேடையில் அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒரு இரவு போதும். 1953 பிப்ரவரி 6, லண்டன் கவென்ட் கார்டன் ஆபரா அரங்கம். ஜான் பார்பிரோலி நடத்த, ஆர்ஃபியஸ் ஆபரா அங்கே இரண்டாம் முறையாக மேடையேறிய இரவு. நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. பாடிக்கொண்டிருக்கும்போதே இடது தொடை எலும்பு முறிந்தது. உடன் நடித்தவர்கள் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்கள். அவர் பாட்டை நிறுத்தவில்லை. மீதிப் பாடல்களைப் பாடி முடித்து, திரை விழுந்த பிறகு கைதட்டலையும் நின்று ஏற்றுக்கொண்டு, அதன் பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். அன்று கைதட்டியவர்கள் ஒரு நோயாளிக்காகத் தட்டவில்லை. மனைவியை இழந்து நிற்கும் ஆர்ஃபியஸுக்காகத் தட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கச்சேரியைக் கொஞ்சம் மட்டமாகச் சொல்கிறீர்கள். அது எனக்கு உடன்பாடில்லை. ஆபராவில் உடுப்பு உண்டு, திரைச்சீலை உண்டு, எதிரில் பேச ஆள் உண்டு. கச்சேரியில் ஒரு பியானோ, ஒரு பெண், அவ்வளவே. 1949 எடின்பரோ விழாவில் இசையமைப்பாளர் ஷூமனின் 'ஒரு பெண்ணின் காதலும் வாழ்வும்' பாடல் தொகுப்பை அவர் பாடினார். பியானோ வாசித்தவர் வேறு யாருமல்ல, வால்ட்டரேதான்; மாஹ்லரிடம் நேரில் பழகித் தேர்ந்தவர், உலகமே கொண்டாடிய நடத்துநர். ஒலிப்பதிவு இருக்கிறது. எட்டுப் பாடல்கள். கடைசிப் பாடலில் கணவன் இறந்துவிடுகிறான். குரல் கிட்டத்தட்ட பேச்சாக வற்றி, நின்றுவிடும். பிறகு பியானோ மட்டும், அவனை முதன்முதல் பார்த்த நாளின் மெட்டை மறுபடி வாசிக்கும். அவ்வளவு நேரமும் பாடகி வாய் திறக்காமல் நிற்க வேண்டும். முந்தைய வரிகளை அவர் பாடி வைத்த விதத்தால்தான் அந்த மௌனம் நம்மை அறுக்கிறது. இது நடிப்பு இல்லையென்றால் வேறெது நடிப்பு?

குறையே இல்லையா என்றால், உண்டு. அந்தக் கனத்த, இருண்ட குரல் இன்றைய சில காதுகளுக்குப் பழைய பாணியாகப் படலாம். அதற்காக நான் சண்டைக்கு வரமாட்டேன். கேட்காமலே அனுதாபம் என்று தள்ளினால் மட்டும் வருவேன்.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். 1949-ல் அவர் பதிவு செய்த 'புளோ தி விண்ட் சதர்லி' (Blow the Wind Southerly) என்ற வட இங்கிலாந்து நாட்டுப்பாடல் ஒன்று இருக்கிறது. கடலுக்குப் போனவனைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி ஒருத்தி தென்றலைக் கெஞ்சும் பாட்டு. பியானோ இல்லை, வயலின் இல்லை, நம் ஊர்த் தம்பூரா போல சுருதிக்குக்கூடத் துணை இல்லை. வெறும் குரல். விளக்கை அணைத்துவிட்டு இரண்டு முறை கேளுங்கள். அதன் பிறகும் இதே கேள்வி இருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் பேசுவோம்.